மூடிக் கிடந்த சைக்கிள்

அறையில் இருந்தவர்கள்: செத்துப்போன இரத்தினவேலின் அண்ணன் நவரட்ணம். இரத்தினவேலின் மனைவி தவமணி. அவனோடு சைக்கிளில் போய், அவன் இல்லாமல் திரும்பிய கஜீவனும் அல்பேட்டும்.

"அவன்ர சைக்கிளுக்கு மேல கொப்பு முறிச்சுப் போட்டு மூடினது ஆர்?" என்று நவரட்ணம் கேட்டார்.

கனடாவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது.

யூட்டாவின் பாலைவனத்தில், சிவப்பு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் ஆற்றோரமாக ஒரு வாரச் சைக்கிள் பயணம். பாதி வழியில் இரத்தினவேல் சரிவில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனைக் கரையில் நிழலில் இருத்தி, தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு மற்ற இருவரும் உதவி தேடிப் போனார்கள். மறுநாள் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

"பொலிஸ்காரன் விபத்தெண்டு முடிச்சிட்டான். பிரேதத்தை எடுக்கப் போன நான் அந்த இடத்தையும் பாத்தனான். கரைக்கு அடியில, வேருகளுக்குள்ள, கழுத்தளவு தண்ணியில கிடந்திருக்கிறான். முறிஞ்ச காலோட தானாப் போனவனோ?"

"போயிருப்பார், அண்ணை" என்றான் கஜீவன்.

"மஞ்சள் சேட்டு. ஒரு மைலுக்கு அங்காலயும் தெரியும். அதைக் கழட்டிச் சேத்துக்குள்ள தாட்டு வச்சதும் அவனோ?"

அல்பேட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கஜீவன் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினான். நவரட்ணம் அதைக் கண்டார்.

"தேட வந்தவங்களுக்கும் பொழுதுபடுமட்டும் ஆள் தட்டுப்படேல்லையாம். கண்டுபிடிக்கேலாத மாதிரி ஒளிச்சு வச்சிருக்கிறியள். என்னடா கோவம் அவனோட?"

நவரட்ணம் எண்பதிலேயே கனடாவுக்கு வந்தவர். தம்பி ஊரில், வானத்திலிருந்து விழும் குண்டுச் சத்தத்துக்குள் பத்து வருடம் கிடந்துவிட்டு வந்தவன். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"நான் இப்ப பொலிசுக்குப் போன் அடிக்கப்போறன். நீ உள்ளுக்கதான் கிடப்பாய்."

"அடியுங்கோ. அவரைச் சாகடிச்சது நான்தான்" என்றான் கஜீவன்.

நவரட்ணம் பாய்ந்து அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தார். அல்பேட் இடையில் விழுந்தான்.

"விடுங்கோ, அத்தான்" என்றாள் தவமணி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. கஜீவனை நேராகப் பார்த்தாள்.

"தேட வந்தவை எதில வந்தவை?"

கஜீவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ஹெலிகொப்டரில, அக்கா. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். ஆத்தோட பதிஞ்சு பதிஞ்சு சுத்தினது, அந்த நாளையில ஊரில சுத்தின மாதிரியே."

"ஏத்திக்கொண்டு போக வந்த ஹெலிக்கு அவன் ஏன் ஒளிக்கிறான்?" என்றார் நவரட்ணம். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கஜீவன் அவர் பக்கம் திரும்பவில்லை.

"உள்ளுக்க நான் இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியேல்லை, அக்கா."

தவமணி எழுந்து குளியலறைக்குள் போனாள். கதவு சாத்தி, உள்ளே பூட்டும் சத்தம் கேட்டது.