காசில்டா வீட்டுக்கு வந்த பட்டாம்பூச்சிகள்

காசில்டா துடைப்பத்தோடு கொல்லையில் நின்றாள். பைன் மரத்தில் கிளை தெரியாமல் பட்டாம்பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

வருஷாவருஷம் வடக்கேயிருந்து மேலே காட்டுக்கு வந்தும் இருபது வருஷமாக அந்த மரத்தை எட்டிக்கூடப் பார்க்காதவை, நேற்று சாயங்காலம் படையாக வந்து இறங்கிவிட்டன.

அதுவும் எந்த நாளில்? இறந்தவர்கள் வீடு திரும்பும் நாளில். பட்டாம்பூச்சியாகத்தான் வருவார்கள் என்று அந்த மலையடிவாரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் பயந்தது அதற்குத்தான். இறந்துபோன அப்பாவும் அம்மாவும் அண்ணன் வீட்டுப் படையலுக்குப் போகிறவர்கள். இந்த வீட்டைத் தேடி வர யார் இருக்கிறார்கள், மகன் நாசாரியோவைத் தவிர?

எல்லை தாண்டி வடக்கே போகிறேன் என்று கிளம்பி மூன்று வருஷம். ஒரு போன் கிடையாது.

பக்கத்து வீட்டு ஹெர்மினியா விடிந்ததும் விடியாததுமாகக் கை நிறையச் சாமந்தியோடு வந்துவிட்டாள்.

"புள்ள வாசல் தேடி வந்துட்டான்க்கா. இன்னும் என்ன வீம்பு? அவன் போட்டோவ படையல்ல வையி."

"வாயக் கழுவுடி! உயிரோட இருக்கறவனுக்கு எவளாச்சும் படையல் போடுவாளா?"

சொல்லிக்கொண்டே மரத்தைப் பார்த்துத் துடைப்பத்தை ஓங்கினாள்.

இரவுப் பனியில் விறைத்து, மரத்தடியில் நூறு பூச்சிகளாவது விழுந்து கிடந்தன. ஒன்று அவள் கால் விரலருகே துடித்தது. பாவமாகிவிட்டது. குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து வாய்ச்சூடு பட ஊதினாள்.

சிறகின் அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. ஒட்டிய சீட்டு. அதில் பொடி எழுத்தும் எண்ணும்.

வெளிநாட்டுக்காரர்கள் வருஷாவருஷம் வந்து, காட்டில் குனிந்து குனிந்து தேடுவது இதைத்தான். வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம், யாரோ பிடித்து ஒட்டிப் பறக்கவிட்டது.

காசில்டா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

"பாருடி இத! செத்தவனுக்கு எவன்டி நம்பர் ஒட்டி அனுப்புவான்? அங்கேருந்து உசுரோட வந்திருக்கு. இத்துனூண்டு பூச்சி அந்த எல்லையத் தாண்டும்னா, என் புள்ள தாண்டியிருக்க மாட்டானா?"

வெயில் ஏறியது. பூச்சி நாலு தடவை சிறகை அடித்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போனது.

ஹெர்மினியா அண்ணாந்து அதையே பார்த்தாள். சாமந்தி கையிலிருந்து நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

நாசாரியோ ஏறிய அதே வண்டியில்தான் அவள் புருஷன் சிரிலோவும் ஏறினான். ஊர்ப் பேச்சைக் கேட்டு, போன வருஷமே அவன் போட்டோவைப் படையலில் வைத்துத் துக்கத்துக்குக் கறுப்பும் உடுத்திவிட்டாள்.

அவள் மெல்ல மண்டியிட்டாள். கீழே கிடந்த பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊதி, சிறகைப் புரட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.