நாலாம் விதிப்படி ஒரு புகார்

சொல்ல எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புகாரை எழுதினது நான்தான். பேனாவைக்கூட இரவல் வாங்கி எழுதினேன்.

சீசனோட முதல் தடகள மீட் அது. பெண்கள் நானூறு மீட்டர் பட்டியலைச் சுவர்ல ஒட்டியிருந்தாங்க. விரலை வச்சுப் படிச்சுக்கிட்டே வந்தேன். முதல் அஞ்சு பேர் நாங்க. வருஷம் முழுக்க நானூறே கதின்னு கிடக்கிறவங்க. ஆறாவதா இருந்த பேரைப் பார்த்ததும் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு.

ஜெட் அக்கா!

நூறு மீட்டர்ல நாட்டுக்கே முதல் ஆள். பதினொன்னரை செகண்டுல ஜோலியை முடிச்சுட்டுப் போறவங்க. அவங்களுக்கு இங்க என்ன வேலை?

"என்ன கோச் இது, அநியாயமா இருக்கு!"

கோச் விசிலைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். "இதுல என்ன அநியாயம்? நூறு மீட்டர்காரங்க சீசன் ஆரம்பத்துல நீள ரேஸ் ஓடிப் பார்க்கிறது எங்கேயும் உள்ளதுதானே? கால்ல பலம் ஏறும்."

"அவங்களுக்கு அது எக்சர்சைஸ். எனக்கு வாழ்வா சாவா கோச்!"

அது உண்மைதான். அம்பத்தஞ்சு செகண்டுக்குள்ள ஓடினாத்தான் பயிற்சி முகாம்ல என் இடம் நிலைக்கும். முகாம் பட்டியலை அன்னிக்குச் சாயங்காலமே மூடுறாங்க. இடம் போச்சுன்னா ஹாஸ்டல் ரூமும் போச்சு. பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய், அண்ணன் கடையில துணி மடிக்க வேண்டியதுதான்.

"உன் லேன்ல நீ ஓடு. அவ லேன்ல அவ ஓடட்டும். போ, போய் வார்ம்-அப் பண்ணு."

எனக்கு மனசு ஆறல. விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன். வசமா சிக்கிச்சு. விதி நாலு: 'கடந்த இரண்டு ஆண்டுகளில் அந்தத் தூரத்தை ஓடிய நேரம் பதிவில் இல்லாதவர் கலந்துகொள்ளக் கூடாது.'

ஜெட் அக்கா நானூறு ஓடி யாரும் பார்த்ததே இல்ல. புத்தகத்தை டப்புன்னு மூடிட்டு எழுத உட்கார்ந்தேன். 'விதி நாலு'ங்கிறதுக்குக் கீழே ரெண்டு கோடு போட்டேன். கடைசியில, 'இன்றைக்கு விட்டால் எனக்கு வேறு ரேஸ் இல்லை'ன்னு கொஞ்சம் கண்ணீரையும் கலந்து விட்டேன்.

பதிவு மேஜையில இருந்த மேடம் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாங்க.

"யோசிச்சுத்தான் கொடுக்கிறியாம்மா?"

"நல்லா யோசிச்சுத்தான் மேடம்."

"சரி, வச்சுட்டுப் போ."

மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் நடக்கல. ஜெட் அக்கா அவங்க பாட்டுக்கு வந்து எனக்கு அடுத்த வெளி லேன்ல நின்னாங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

துப்பாக்கி வெடிச்சதும் பறந்தாங்க பாருங்க! முதல் இருநூறு மீட்டர் அவங்க முதுகைத்தான் பார்த்தேன். விடுவேனா? பல்லைக் கடிச்சுக்கிட்டுத் துரத்தினேன். முந்நூறு தாண்டினதும் அவங்களுக்குக் கால் பின்ன ஆரம்பிச்சுது. நான் தாண்டிப் போயிட்டேன். ரெண்டாவது இடம். போர்டுல அம்பத்து நாலு புள்ளி ஏழு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஜெட் அக்கா கடைசி. கோட்டைத் தாண்டினதும் மண்டி போட்டு வாந்தி எடுத்தாங்க. கேலரியில நாலு பேர் சிரிச்சுக்கிட்டே செல்போன்ல படம் பிடிச்சாங்க. நானாவது சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துல போய்க் குனிஞ்சு கேட்டேன். இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

"என்னக்கா, நூறு மீட்டர் தாண்டினா வழி தெரியலையா?"

அவங்க புறங்கையால வாயைத் துடைச்சுக்கிட்டாங்க. "ஆமாம்மா, ரொம்பத் தூரமா வச்சிருக்காங்க. உன் நேரம் என்ன?"

"அம்பத்து நாலு ஏழு."

"அப்பாடா!"ன்னு சொல்லிட்டு அப்படியே தரையில மல்லாந்துட்டாங்க. ஓடி முடிச்ச நிம்மதின்னு நான் நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல முடிவுகளை ஒட்டினாங்க. ஜெட் அக்கா பேருக்கு நேரே 'தகுதி நீக்கம்'.

என் புகார் ஜெயிச்சுடுச்சு! நேரச் சான்றிதழ் வாங்கப் பதிவு மேஜைக்குத் துள்ளிக்கிட்டு ஓடினேன்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். ஆனா ரேஸுக்கு முன்னாடியே அவங்களை நீக்கியிருக்கலாமே?"

மேடம் விதிமுறைப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வச்சாங்க.

"நாலாவது விதியைப் படிச்சே. அதுக்குக் கீழே இருக்கிறதைப் படிச்சியா?"

விதி அஞ்சு: 'ஓடத் தொடங்குவோர் ஆறு பேருக்குக் குறைந்தால் போட்டி ரத்து செய்யப்படும்.'

சுவர்ல ஒட்டியிருந்த பட்டியலை மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன்.

"நேத்து வரைக்கும் நீங்க அஞ்சே பேர்தான்மா. அவ இருநூறுக்குத்தான் பேர் கொடுத்திருந்தா. பதிவு மூடுற நேரத்துல வந்து உங்க பட்டியலைப் பார்த்தா. இருநூறை அடிச்சுட்டு நானூறுன்னு எழுதிட்டுப் போனா. நாலாவது விதியை, யாராவது புகார் கொடுத்தா ஒழிய நாங்க பெருசா கண்டுக்கிறதில்ல."

"அப்ப... என் புகார்?"

"காலையிலேயே அவகிட்ட காட்டிட்டேன்." மேடம் அந்தத் தாளை மடிச்சு என் கையிலேயே கொடுத்தாங்க. "முழுசாப் படிச்சா. படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: 'ரேஸ் முடியுற வரைக்கும் இது உங்க மேஜைக்குள்ளேயே இருக்கட்டும் மேடம். ஓடி முடிச்சதும் என்னை நீக்கிடுங்க. பாவம், இன்னிக்கு விட்டா அந்தப் பொண்ணுக்கு வேற ரேஸ் இல்லையாம்.'"