விடுபட்ட ‘த்’

நாவல் அச்சேறும் முன் கருத்துக் கேட்க ஐந்து பிரதிகள் மட்டும் எடுத்தார்கள். ஐந்தாவதை, ஏழு ஆண்டுகளுக்கு முன் தான் பிரிந்து வந்த கணவர் இளவழுதிக்கு அனுப்பச் சொன்னாள், நாவலை எழுதிய மங்களநாயகி. ஒற்றுப்பிழையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இராது. அவள் எழுதிவைத்துவிட்டு வந்த கடைசிக் கடிதத்தைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் ‘அவள் வீட்டுக்கு திரும்பினாள்’ என்று, வேண்டுமென்றே ‘த்’ போடாமல் விட்டிருந்தாள்.

பதிப்பகத்திலிருந்து பத்மினி அழைத்தாள். “அக்கா, நாளைக்கு அச்சுக்குப் போகுது. அந்த ‘த்’ விட்டுப்போச்சுன்னு நாலு பேரும் சொல்லிட்டாங்க. தமிழ் டீச்சர் நீங்க, மானம் போகுது. போட்டுடவா?”

“அஞ்சாவது ஆளு?”

“அவர்கிட்டேயிருந்து ஒண்ணும் வரலையேக்கா.”



“அப்படியே இருக்கட்டும், பத்மினி. புத்தகமா வந்தப்புறமாவது பாப்பாரு.”