ஒன்பதாம் நம்பர் ஞானேஸ்வரி

செத்துப்போனவங்க பேரு கம்ப்யூட்டர்ல கிடக்கறது ஒண்ணும் அதிசயம் இல்ல. யாராவது அழிக்க மறந்திருப்பாங்க. ஆனா செத்தவங்க தினமும் காலைல கிளினிக்குக்கு வந்து, டாக்டரப் பாத்துட்டுப் போனா?

நான் ஜெரால்டின். மலேசியால, ஜோகூர் பாருவுல வீட்டுல இருந்தே வெப்சைட் செய்யறேன், பிஎச்பிங்கற பழைய கம்ப்யூட்டர் மொழில. பிஎச்பின்னு சொன்னாலே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற பசங்க துக்கம் விசாரிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்குவாங்க. "இன்னுமா அத எழுதுற?"ம்பாங்க. அந்த எரிச்சல்லதான் பிஎச்பி எழுதுற நம்ம ஆளுங்க நாப்பது பேரு சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். வெளியில சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நமக்குள்ள ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்னு பேச்சு.

ரெங்கம்னு ஒரு எஸ்டேட் ஊரு, அங்க ஒரு கிளினிக். ஆன்லைன்ல நம்பர் எடுக்கிற அவங்க பழைய பிஎச்பி சிஸ்டத்தப் புதுசாக்கித் தரச் சொல்லி மேனேஜர் எங்கிட்ட கொடுத்தாரு. ஒரு நாளைக்கு முப்பது நம்பர்தான்.

புது சர்வர்ல எல்லாத்தையும் ஏத்தி, பழைய பேருங்கள சுத்தமா தொடச்சேன். மறுநாள் காலைல திறந்து பாத்தா ஒரே ஒரு பேரு இருந்துச்சு.

ஒன்பது. ஞானேஸ்வரி. வயசு 61.

அழிச்சேன். மறுபடியும் திறந்தேன். இருந்தாங்க.

கிளினிக்குல இன்னும் ஓடிக்கிட்டிருந்த பழைய சிஸ்டத்தோட பதிவுங்களப் புரட்டினேன். எட்டு வருஷமா, இன்னிக்கு வரைக்கும், ஞாயித்துக்கிழமை தவிர தினமும் அதே ஒன்பது. பக்கத்துல 'டாக்டர் பார்த்தாச்சு'ன்னு குறிப்பு. ஒரு நாள் 9.40, ஒரு நாள் 9.55. எட்டு வருஷத்துல அந்தம்மாவுக்கு ஒரு வயசுகூட ஏறல.

கவுண்டர்ல இருக்கிற கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

"யாரு இந்த ஞானேஸ்வரி? தினமும் வராங்களே."

"அவங்க தவறி எட்டு வருஷம் ஆச்சு மிஸ்."

"அப்ப இன்னிக்குக் காலைல டாக்டர் யாரப் பாத்தாரு?"

"அத விட்டுருங்க மிஸ்." குரல் இறங்கிப்போச்சு. "மேனேஜர் பக்கத்துல இருக்காரு." வச்சுட்டாங்க.

அன்னிக்கு மத்தியானம் பூரா கோட துருவினேன். கிடைச்சுது. ஆயிரம் வரிக்கு நடுவுல ஒரே ஒரு வரி: ஒன்பதாம் நம்பர யாருக்கும் கொடுக்காத, ஞானேஸ்வரி பேரப் போடு. எழுதினவர் பேரு இல்ல. பேரு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆளு எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல.

பயம் வந்தா நான் கிண்டல் பண்ணுவேன். அந்த வரியப் படம் பிடிச்சு குரூப்ல போட்டேன். "பேய்க்கு நம்பர் கொடுக்குற கோட். இந்த மாதிரி ஆளுங்களாலதான் பிஎச்பி மானம் போகுது."

குரூப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. "ஐயோ அலமாக், மருந்தும் வாங்கிட்டுப் போச்சா?"ன்னு ஒருத்தன்.

தயானந்தன் அண்ணன் மட்டும் சிரிக்கல. யாரு என்ன அசட்டுக் கேள்வி கேட்டாலும் குரூப்ல பொறுமையா பதில் போடுறவரு அவருதான். எனக்குத் தனியா எழுதினாரு.

"அந்த வரிய எடுக்காதம்மா."

"ஏன்ண்ணே? எந்த முட்டாள் எழுதினதோ."

"முட்டாள்தான். எனக்கும் தெரியும். ஆனா எடுக்காத."

காரணம் சொல்லல. பழைய ஆளுங்களுக்குப் பழைய கோடு மேல பாசம், வேற என்னன்னு நெனச்சேன். எடுத்துட்டேன்.

திங்கக்கிழமை புது சிஸ்டத்துக்கு முதல் நாள். நேர்ல பாக்கலாம்னு ரெங்கத்துக்குப் போனேன். எட்டேகாலுக்கெல்லாம் முப்பது நம்பரும் போயிடுச்சு. பெருமையா கவுண்டருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன்.

எஸ்டேட்டுலேர்ந்து முதல் பஸ்ல வீரமுத்துன்னு ஒரு பெரியவர் வந்து இறங்கினாரு. இனிப்பு நீர், அதான் சக்கர வியாதிக்காரரு. கால்ல கட்டு, கட்டுக்கு மேல கறுத்து வீங்கியிருந்துச்சு.

கஸ்தூரி திரையப் பாத்தாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க.

"இன்னிக்கு நம்பர் முடிஞ்சிருச்சுங்க ஐயா."

அவரு நகரல. கவுண்டர் மேல குனிஞ்சு, மேனேஜர் ரூமுக்குக் கேக்காத மாதிரி மெதுவா கேட்டாரு.

"ஞானேஸ்வரி நம்பருமா முடிஞ்சிருச்சு?"

கஸ்தூரி என் காதுகிட்ட வந்து சொன்னாங்க.

"கைப்பேசி இல்லாம பஸ் பிடிச்சு வராங்க பாருங்க மிஸ், அவங்களுக்கு அந்த நம்பர். தினமும் யாராவது ஒருத்தர் வருவாங்க. டாக்டருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரிஞ்சா அதையும் ஆன்லைன்ல விட்டுருவாரு."

அங்கேயே லேப்டாப்பத் திறந்தேன். ஒன்பதுலேர்ந்து எல்லாரையும் ஒரு நம்பர் பின்னால தள்ளி, அந்த வரிய அப்படியே திரும்பப் போட்டேன்.

"ஒன்பதாம் நம்பர், ஞானேஸ்வரி"ன்னு கஸ்தூரி கூப்பிட்டாங்க. வீரமுத்து கால இழுத்துக்கிட்டு உள்ள போனாரு.

"அப்ப நெஜமான ஞானேஸ்வரி?"

"அவங்களும் இப்படித்தான் மிஸ், நெஞ்ச வலிக்குதுன்னு பஸ்ல வந்தாங்க. ஆன்லைன் நம்பர் வந்த புதுசு. இடமில்லன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சு, நான் திருப்பி அனுப்பிட்டேன். வீடு போய்ச் சேரல. அடுத்த வாரமே இந்த வரிய எழுதிட்டாங்க."

"யாரு எழுதினது?"

"இந்த சிஸ்டத்த மொதல்ல செஞ்சு கொடுத்தாரே மிஸ், அவருதான். தயானந்தன். அந்தம்மாவோட மகன்."