சக்கரம் ஏறாத எலுமிச்சம்பழம்

உச்சி வெயிலில், நடை சாத்திய கச்சபேஸ்வரர் கோயில் வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. அப்பாதுரை இத்தனை வருஷம் ஓட்டிய டாக்சியை, அதிலேயே காஷ்மீர்வரை போகப்போகும் வெள்ளைக்கார ஜோடிக்கு விற்றுவிட்டான். பேசப் பொதுவாக ஒரு பாஷை இல்லை. டாஷ்போர்டைத் தட்டினால்தான் ஹாரன் அடிக்கும் என்பதைத் தட்டித் தட்டியே காட்டிச் சலித்துப்போகிறான். தாடிக்கார வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே ஸ்டீரிங் முன்னால் உட்காருகிறான். அப்பாதுரையின் மனைவி பூவம்மாள் வண்டி முகப்பில் குங்குமம் வைக்கிறாள். திருஷ்டி கழிய எலுமிச்சம்பழத்தைச் சுற்றி முன்சக்கரத்தடியில் வைத்துவிட்டு ஒதுங்குகிறாள். பழம் கைதவறி விழுந்துவிட்டதென்று நினைத்த வெள்ளைக்காரி பதறி இறங்கி, அதை எடுத்துப் பாவாடையில் துடைத்து, பூவம்மாளின் கையிலேயே கொடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொள்கிறாள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நகர்கிறது. "இன்னாய்யா இது, எடுத்துக் கையில குடுத்துட்டுப் போறா? சக்கரம் ஏறவேயில்லையே. அம்மாந்தூரம் போவுதுங்களே." என்கிறாள் பூவம்மாள். தெருமுனையில் அந்த ஹாரன் ஒருமுறை கேட்கிறது. அப்பாதுரை பழத்தை வாங்கி, சக்கரம் நின்ற இடத்தில் வைக்கிறான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தே காய்த்துப்போன வலது காலால் நசுக்குகிறான். குதிகால் வெடிப்பில் சாறு இறங்கி எரிகிறது. காலை எடுக்காமல் நிற்கிறான்.