இன்னொரு தரம்

ஆப்பிரிக்காவின் ஸ்வாசி மொழியைச் சொல்லித்தர வரும் செபிலேயின் பெயர், நாவை மேல்பல்லில் ஒட்டி இழுக்கும் ஒரு சொடுக்கில் தொடங்குகிறது. நாம் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுவோமே, அதேதான். யாருக்காகவும் உச்சுக்கொட்டிப் பழக்கமில்லாத என் கணவருக்கு அது வருவதில்லை. தினமும் எதிரே அமர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் டீ வைப்பதுகூட இருவருக்கும் தெரியாது. நேற்று வடை போடும்போது எண்ணெய் தெறித்துக் கை வெந்தது. பிழைக்க வந்த இந்த அந்நிய ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். நானே கையைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டேன். அவர் கூடத்திலிருந்து ஓடிவந்தார். கையைப் பார்க்கவில்லை. என் மோவாயைத் தூக்கிப் பிடித்து, உதட்டருகே குனிந்தார்.

"அதேதான் சியாமளா. இன்னொரு தரம் பண்ணு."

எவ்வளவு நாளாயிற்று, இந்த முகம் இவ்வளவு பக்கத்தில் வந்து. அடுப்பில் எண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.