எல்லார் முன்னாலும்

"அந்தக் கை இனிமே பந்து வீசறதுக்கு லாயக்கில்ல. பையைத் தூக்கிட்டுக் கிளம்புடா!"

கோச் ஹார்லன் இதைத் தன் அறையில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கேன்சஸில் எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் பெற்றோர் தினத்தில், மொத்த ஊரும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். மனிதருக்கு அவ்வளவு நாகரிகம்.

பார்வையாளர் வரிசையில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்த நாங்கள் துப்புவதை நிறுத்தினோம்.

திட்டு வாங்கியவன் வேட். இதே அணிக்காக வீசித்தான் முழங்கைத் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை, ஒரு வருடம் பெஞ்சு. குணமாகி வந்தால் அவன் இடத்தில் மூன்று பேர்.

டெக்சாஸில் ஒரு கல்லூரி அவனை வா வா என்றது. ஆனால் கல்லூரி மாறுகிறவன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது விதி. கையால் ஒரு வருடம், விதியால் ஒரு வருடம் என்று போனால், பெரிய அணிகள் அவனை ஏறிட்டும் பார்க்காது. அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே கிடந்தான்.

"கோச், டாக்டரே வீசலாம்னுட்டாரு..."

"அப்ப டாக்டர் டீம்ல போய் ஆடு. என் டீம்ல அடுத்த வருஷமும் உனக்கு இடமில்ல. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

நன்றாகவே கேட்டது.

வேட்டின் அப்பா ரஸ்ஸல் வேலியைத் தாண்டிக் குதித்தார். "யோவ்! உனக்காகத்தானேய்யா என் பையன் கையை ஒடிச்சுக்கிட்டான்!"

"சத்தம் போதலையே," என்றார் கோச், சூயிங்கம்மை மென்றபடி.

வேட் தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் வீசிவிட்டு அழுதுகொண்டே போனான்.

"மனுஷனா இவன்?" என்று என் பக்கத்திலிருந்த டோனா கொதித்தாள். போன மாதம், "ஒடிஞ்ச கைக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்? அதை வேற யாருக்காவது குடுக்கலாமே," என்றவள் இவள்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் அப்படித்தான், நினைத்தபோது வரும்.

கொதித்தவள் கையில் தின்றுகொண்டிருந்த, சாஸ் வழியும் ஹாட் டாக்கை வீசினாள். அது நேராகக் கோச்சின் நெஞ்சில் விழுந்தது. எங்கள் பந்துவீச்சாளர் எவனுக்கும் இல்லாத குறி.

வண்டி நிறுத்துமிடத்தில் வேட்டுக்கு ஆறுதல் சொல்ல நாங்கள் கூடியபோது அவன் போன் அடித்தது. டெக்சாஸ் கோச். வேட் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, வர்ற சீசன் முதல் மேட்ச்ல நீதான் வீசற."

"எப்படி சார்? ஒரு வருஷம் உக்காரணுமே?"

"அது தானா கிளம்பி வர்றவனுக்கு. பழைய கோச்சே இடமில்லன்னு தொரத்தினா உடனே ஆட விலக்கு கேக்கலாம். ஹார்லன் இப்பத்தான் பேசினாரு. தொரத்தியாச்சு, ஊரே சாட்சின்னாரு."

ரஸ்ஸல் வண்டியில் சாய்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடிக்க வராதுன்னாரு." டெக்சாஸ்காரர் சிரித்தார். "அப்புறம், ஹாட் டாக் வீசின அம்மா யாரு? அதுக்கப்புறம் எவனும் சந்தேகப்பட மாட்டான், அவங்களுக்கு நன்றி சொல்லுங்கன்னாரு."

எல்லோரும் டோனாவைத் திரும்பிப் பார்த்தோம். அவள் விரலில் ஒட்டியிருந்த சாஸை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.